பிந்திப் பிறந்த ஊர்

சென்ற கோடை விடுமுறையில் நம் தங்கை மகன் ஒரு வாரம் நம் இல்லத்தில் வந்து தங்கியிருந்தான். பொறியியல் பயில்பவன். இஷாத் தொழுகையும் உணவும் முடிந்து கணிப்பொறியின் முன் அமர்ந்தானெனில் நள்ளிரவு கடந்தாலும் எழமாட்டான். அவன் ஆடுவது, இளைஞர்கள் பலர் விரும்பும் சுடுவதும் வெட்டுவதுமான ஆட்டம் அன்று. சதுரங்கம்போல, ஒருவர் காய் நகர்த்தி முடித்த பின்னரே மற்றவர் நகர்த்தும் நிதானமான ஆட்டம். 'சிவிலிசேஷன்' என்பது அதன் பெயர். சிட் மையர், ப்ரூஸ் ஷெல்லி ஆகிய இருவர் வடிவமைத்து, அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 1991இல் முதன்முதல் வெளியிட்டது. 2025இல் ஏழாவது பதிப்பும் வந்துவிட்டது. நம் மருமகனோ 2016இல் வந்த ஆறாவது பதிப்பையே இன்றளவும் விடாது பற்றிக்கொண்டிருக்கிறான்.

கி.மு. 4000இல் ஆட்டம் தொடங்கும். ஒரு குடியேற்றக் கூட்டமும் ஒரு காவலனுமே ஆடுவோனின் கையிருப்பு. நீரருகே ஓரிடம் தேர்ந்து தலைநகரை அமைப்பான். அங்கிருந்து புதிய கூட்டங்களை அனுப்பி மேலும் ஊர்களை உண்டாக்குவான். உழவும் எழுத்தும் சக்கரமும் கற்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகளைச் சில இரவுகளில் கடந்து, இராக்கெட்டு விடும் காலம்வரை வருவான். வழக்கமான வேகத்தில் 500 முறைகளில் ஆட்டம் முடிவுறும். இவற்றையெல்லாம் நாம் முதல் இரண்டு இரவுகளில் அவன் தோளுக்குப் பின்னே நாற்காலி போட்டு அமர்ந்து கற்றுக்கொண்டோம். மூன்றாம் இரவு நேர்ந்த ஒரு சிறு உரையாடலே இக்கட்டுரைக்கு வித்து.

280ஆம் முறை என்று நினைவு. அவனுக்கு 8 ஊர்கள் இருந்தன. நிலத்தின் தென்கோடியில் ஓர் அழகிய வளைகுடா எவரும் தீண்டாது கிடந்தது. ஓர் ஆறு அங்கே கடலில் கலக்கிறது, கரையில் கோதுமை, கடலில் மீன். "அங்கே ஓர் ஊர் வைக்கலாமே?" என்றோம். அவன் திரும்பியும் பாராமல், "அந்த ஊரு தேறாது மாமா. அது தேறி வர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும்" என்றான். நாம் வாளாவிருந்தோம். பத்து முறை சென்றிருக்கும். வடகோடிப் பனிவெளியில் எண்ணெய் இருப்பது திரையில் தெரியவந்தது. அதற்குரிய அறிவியலைக் கற்ற பின்னரே அவ்வளம் கண்ணுக்குப் புலப்படும் என்பது ஆட்டத்தின் விதி. உடனே ஒரு குடியேற்றக் கூட்டத்தை உருவாக்கி அப்பனிவெளிக்கு ஓட்டிச் சென்று ஊர் நிறுத்தினான். அங்கே விளைவது ஒன்றுமில்லை; நன்னீரும் இல்லை. நன்னீரற்ற இடத்தில் எழும் ஊருக்கு 2 பேர் தங்கும் அளவுக்கே வீட்டு வசதி கிடைக்கும் என்பதும் விதியே. "இந்த ஊர் மட்டும் தேறுமோ?" என்றோம். "இது தேற வேண்டியதில்ல மாமா. எண்ணெய் வந்தாப் போதும்" என்றான்.

வாழக்கூடிய ஊருக்கு அனுமதி இல்லை. வாழ முடியாத ஊர் ஒரு நொடியில் எழுந்துவிட்டது. இரண்டு தீர்ப்பும் ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை. கணக்கில் பிழையும் இல்லை. பிழையில்லாத கணக்கு நம்மை ஏன் உறங்கவிடாமல் செய்தது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் கேள்வி.

அக்கணக்கை முதலில் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். ஒரு குடியேற்றக் கூட்டத்தை உருவாக்க முதல் தடவை 80 அலகு உழைப்புப் போதும். பின்னர் உருவாக்கும் ஒவ்வொன்றுக்கும் 30 அலகு கூடிக்கொண்டே போகும். ஏழு கூட்டங்களை முன்னமே அனுப்பியவன் எட்டாவதுக்கு 290 அலகு செலுத்த வேண்டும். கூட்டம் புறப்படும்போது தாயூரின் மக்கள் தொகையில் ஒன்று குறையும். சேர்ந்த இடத்தில் அது மக்கள் தொகை 1 உடைய சிற்றூராகத் தொடங்கும். இதனினும் கொடியது மற்றொன்று. கல்விக்கும் வாணிகத்துக்கும் துறைமுகத்துக்கும் ஊரில் தனித்தனி வட்டாரங்கள் அமைக்க வேண்டும். அவற்றின் விலையோ நாடு கலைகளைக் கற்கக் கற்க ஏறிக்கொண்டே வரும். தலைநகர் தன் இளமையில் சில முறைகளில் கட்டி முடித்த கல்விச்சாலையை, பிந்திப் பிறந்த ஊர் பன்மடங்கு விலை கொடுத்துக் கட்ட வேண்டும். அண்ணன் ஏறிய மரத்தில் தம்பி ஏறும்போது கிளைகளெல்லாம் மேலே போய்விட்டாற்போன்றது இது. குற்றம் தம்பியுடையதன்று, அவன் பிறந்த நாளே குற்றம்.

புதிய ஊரை உண்டாக்கும் விலையை யார் செலுத்துவது என்ற கேள்விக்கு இவ்வாட்டத்தின் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒவ்வாத விடைகள் தந்திருப்பதை மருமகன் எடுத்துச் சொன்னபோது நாம் வியந்தோம். மூன்றாம் பதிப்பில் குடியேற்றக் கூட்டம் தாயூரிலிருந்து 2 பேரைக் கொண்டுபோகும். தலைநகருக்குத் தொலைவான ஊரின் வருவாயையோ ஊழல் விழுங்கிவிடும். நான்காம் பதிப்பில் தாயூரின் தொகை குறைவதில்லை. ஆனால், கூட்டம் உருவாகி முடியும்வரை தாயூர் வளராது நிற்கும். ஊர்கள் பெருகப் பெருகப் பராமரிப்புச் செலவு கருவூலத்தை அரிக்கும். 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் ஒரு படி சென்றது. ஒரு புதிய ஊர் எழுந்தால் நாட்டு மக்கள் அனைவருடைய மகிழ்ச்சியும் குறையும். 2013இல் சேர்த்த விரிவாக்கத்தின்படி, சாதாரண அளவுள்ள வரைபடத்தில் கூடுதலாக எழும் ஒவ்வோர் ஊருக்கும் நூற்றுக்கு 5 விழுக்காடு அறிவியலின் விலை ஏறும். ஆகவே ஐந்தாம் பதிப்பில் நான்கைந்து ஊரோடு நிறைவு கொள்பவனே அறிவாளி. ஒரு கணிப்பொறி ஆட்டத்தின் விதிகளுக்குள் இத்தனை அறநூல்கள் ஒளிந்திருக்கும் என்று நாம் எண்ணியதில்லை. தாய் செலுத்துவதா, பிள்ளை செலுத்துவதா, உடன்பிறந்தார் யாவரும் செலுத்துவதா? வடிவமைத்தவர்கள் ஆட்டத்தின் சமன்பாட்டுக்காக விதித்தார்கள், நாம் அதனை வேறு கண்கொண்டு படிக்கிறோம், அவ்வளவே.

இது வெறும் விளையாட்டு, திரையில் தெரியும் எண்ணுக்குப் பசியுமில்லை குளிருமில்லை என்று வாசகர் கூறலாம். உண்மை. பனிவெளி ஊரில் எவரும் நடுங்கவில்லை. நம் மருமகன் கல்நெஞ்சனும் அல்லன். தெருநாய் ஒன்று மழையில் நனைந்தால் அதற்குச் சாக்கு விரித்துவிட்டு வருபவன். ஆனால், கணக்குப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. அது விளையாட்டிலும் ஒன்றே, வாழ்விலும் ஒன்றே. ஒரு கணக்கில் எவையெவை பத்தியில் ஏறுகின்றன, எவை பத்திக்கே வருவதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டுவதற்கு விளையாட்டைப்போல் உதவும் கண்ணாடி வேறில்லை. மெய்யான அரசர்கள் தம் கணக்கை மறைத்துக்கொண்டு ஊர் கட்டினார்கள். இங்கே கணக்கு வெளிப்படையாகத் திரையிலேயே நிற்கிறது.

ஊர் அமைப்பதைப்பற்றிப் பேசும்போது இப்னு கல்தூனை நினையாமலிருக்க இயலாது. 1332இல் தூனிஸ் நகரில் பிறந்து 1406இல் மறைந்த அப்பேரறிஞர், 1377இல் எழுதி முடித்த தம் 'முகத்திமா'வில் நகரங்களுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். அரசு முந்தியது, நகரம் பிந்தியது என்பார் அவர். பெருநகர் ஒன்றை எழுப்பத் திரண்ட கைகள் வேண்டும். அவற்றைத் திரட்டும் ஆற்றல் அரசுக்கே உண்டு. எனவே அரசின் ஆயுள் குறுகிற்றெனில் கட்டடம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இது நம் மருமகனின் வாதமேதான். ஆனால், அவர் அத்துடன் நிற்கவில்லை. ஊர் அமைப்போர் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறார்: பகைவர் எளிதில் ஏறமுடியாத இடம், கெடாத காற்று, அருகில் நல்ல நீர், கால்நடைக்கு மேய்ச்சல், விளைநிலம், அடுப்புக்கு விறகு. கூஃபா, பஸரா, கைரவான் ஆகிய ஊர்களை நிறுவிய அரபுகள் ஒட்டகத்தின் மேய்ச்சலை மட்டுமே கருதி ஏனையவற்றைக் கவனியாது விட்டனர் என்று, தம் முன்னோர் என்றும் பாராமல் குறை சொல்லவும் அவர் தயங்கவில்லை. சுற்றிலும் குடிகள் நிறைந்த நாட்டுப்புறம் இருந்தால் அரசு மாய்ந்த பின்னும் ஊர் வாழும் என்று கூறி, மேற்கே ஃபாஸ் நகரைச் சான்று காட்டுகிறார்.

ஆக, கணக்கு இரண்டு உண்டு. ஊர் நமக்கு என்ன தரும் என்பது ஒன்று. அங்கே போகிறவர்களுக்கு ஊர் என்ன தரும் என்பது மற்றொன்று. இப்னு கல்தூனின் நீரும் விறகும் இரண்டாவது கணக்கைச் சேர்ந்தவை. முதற்கணக்கில் காலம்தான் எல்லாம். முதலீடு திரும்புமுன் ஆட்டம் முடிந்தால் நட்டம். இரண்டாவது கணக்கிலோ 'பிந்தி' என்ற சொல்லுக்கே அவ்வளவாகப் பொருள் இல்லை. வளைகுடாவில் இறங்கும் குடிகளுக்கு அது 280ஆம் முறை அன்று, முதல் முறை. மருமகன் முதற்கணக்கை மட்டுமே போட்டான். அதனால்தான் அவன் தீர்ப்பு இரண்டும் தலைகீழாய் விழுந்தன.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் மருமகனுக்கு அநீதி இழைத்தவராவோம். முதற்கணக்கைப் பாராமல் ஊர் கட்டியவன் நல்லவன் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அப்பாஸியக் கலீஃபா அல்முஃதஸிம், தம் துருக்கியப் படையினருக்கும் பக்தாத் மக்களுக்கும் ஓயாது மூண்ட பூசலைத் தவிர்க்கக் கருதி 836இல் தைகிரிஸ் கரையில் ஸாமர்ராவை நிறுவினார். அடுத்து வந்தவர்களுள் அல்முதவக்கில், உலகம் இன்றும் வியக்கும் திருகுப் படிக்கட்டு மினாராவுடன் அங்கே பெரும் பள்ளிவாசலை எழுப்பினார். அதன் உயரம் ஏறத்தாழ 52 மீட்டர். அதுவும் அவருக்குப் போதவில்லை. தம் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், ஸாமர்ராவுக்கு வடக்கே, தம் பெயர் விளங்க மற்றொரு புது நகரைத் தொடங்கினார். அரண்மனை எழுந்தது, தெருக்கள் எழுந்தன, நீர் கொணர வெட்டிய கால்வாயில் மட்டும் நீர் சரியாக வரவில்லை. 861இல் கலீஃபா கொலையுண்டார். அவர் மகன் அரியணை ஏறியதும் மக்களைப் பழைய ஸாமர்ராவுக்கே திருப்பி அழைத்துக்கொண்டார். புது நகர் பாழாயிற்று. இங்கே மருமகனைப் போன்ற ஒருவன் அமைச்சனாய் இருந்து, "இந்த ஊரு தேறாது" என்று சொல்லியிருந்தால் அது எத்தனை ஆயிரம் கூலிகளின் முதுகுக்குச் செய்த உதவியாய் இருந்திருக்கும்!

ஸாமர்ராவும் 892இல் தலைநகர் என்ற தகுதியை இழந்தது. ஆயினும் ஊர் அழிந்துவிடவில்லை. இமாம் அலீ அல்ஹாதியும் அவர்தம் மைந்தர் ஹஸன் அல்அஸ்கரியும் அடங்கிய இடம் அது. அவர்களைக் காண வந்தோரும், வந்தோர்க்குச் சோறும் துணியும் விற்றோருமாக ஊர் பிழைத்துக் கிடந்தது, இன்றும் இருக்கிறது. அந்த இமாம்களை அப்பாஸியர் அங்கே இருத்தியது கண்காணிப்பில் வைப்பதற்காக. நிறுவியவர் ஒன்றை எண்ணினார். ஊர் வேறொன்றால் உயிர் தரித்தது.

பனிவெளி ஊருக்கும் உண்மை வரலாற்றில் ஓர் இரட்டைப் பிறவி உண்டு. சைபீரியாவின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், நோரில்ஸ்க் என்ற நகரம் இருக்கிறது. அங்கே மண்ணுக்கடியில் நிக்கலும் செம்பும் மிகுதி. 1935இல் சோவியத் அரசு அங்கே ஒரு கைதிகள் முகாமை ஏற்படுத்திற்று. 1956வரை அது நீடித்தது. சுரங்கத்தையும் உருக்காலையையும் ஊரையும் எழுப்பியவர்கள் அக்கைதிகளே. எத்தனையோ பேர் அந்தக் குளிரில் மடிந்தார்கள். நிக்கல் வந்தாற் போதும் என்பதைத் தவிர வேறு கணக்கு அங்கே போடப்பட்டதில்லை. இன்றோ அந்நகரில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். குளிர்காலத்தில் ஏறத்தாழ ஆறு வாரம் கதிரவன் எழுவதே இல்லை. உருக்காலைப் புகையால் காற்றும் நஞ்சு. எனினும் அங்கே பிறந்து, அங்கே பள்ளி சென்று, அங்கே மணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நிக்கல் கிடங்கு அன்று, சொந்த ஊர். அவர்களைப் பார்த்து, இந்த ஊரே எழுந்திருக்கக் கூடாது என்று நாம் சொல்லலாமா? கைதிகளுக்கு இழைத்த கொடுமையை நினைத்தால் சொல்லத்தான் வேண்டும். பள்ளியிலிருந்து திரும்பும் அக்குழந்தையை நினைத்தால் நா எழவில்லை. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கும் வழி நமக்குத் தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஒரு விதி உண்டு: பிறரிடமிருந்து கைப்பற்றிய ஊரைக் கொளுத்தி அழிக்கலாம், தான் நிறுவிய ஊரை அழிக்க ஆடுவோனுக்கு உரிமை இல்லை. வடிவமைத்தோர் எக்காரணத்தால் விதித்தார்களோ, நமக்கு அது பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லியாக வேண்டும். 'எவரும் தீண்டாத' வளைகுடா என்று மேலே எழுதினோம். ஆட்டத்தில்தான் அப்படிப்பட்ட நிலம் உண்டு. அங்கேயும், ஆட்டத்தின் தொடக்கத்தில், ஆங்காங்கே சிறு குடிசைக் கூட்டங்கள் தென்படும். ஆடுவோனின் வீரன் அதனுள் நுழைந்தால் பொன்னோ ஒரு கலையோ பரிசாகக் கொடுத்துவிட்டு அந்தக் குடிசைகள் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். எங்கே போனார்கள் என்று எவனும் கேட்பதில்லை. எஞ்சிய கூட்டங்களுக்குக் காட்டுமிராண்டிகள் என்று பெயர். 2021இல் ஆறாம் பதிப்புக்குச் சேர்த்த ஓர் ஏற்பாட்டில்தான் அந்த முகாம்கள் காலப்போக்கில் தாமே நகர அரசுகளாக வளர இடமளித்தார்கள். முப்பது ஆண்டு ஆயிற்று, அந்த நினைப்பு வருவதற்கு.

விடுமுறையின் கடைசி இரவில் மருமகன் வெற்றி பெற்றான். அறிவியல் வெற்றி. செயற்கைக்கோள் விட்டு, நிலவில் இறங்கி, செவ்வாயில் குடியேற்றம் அமைத்து, முடிவில் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளுக்கு ஒரு கலத்தை அனுப்பினான்; அது 50 ஒளியாண்டுத் தொலைவைக் கடந்ததும் ஆட்டம் வென்றதாகத் திரை அறிவித்தது. 1991இன் முதற்பதிப்பிலிருந்தே இவ்வழி உண்டாம். அதில் ஆல்ஃபா சென்டாரிக்குக் குடியேறிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் வென்றவன். நாம் சிரித்துவிட்டோம். "ஏன் மாமா?" என்றான். "பிந்தி வைக்கிற ஊர் தேறாது என்றாயே தம்பி, எல்லாவற்றிலும் பிந்திய ஊரை வைத்துத்தானே நீ ஜெயித்திருக்கிறாய்? அந்தக் கோளில் நீர் இருக்கிறதா, வீட்டு வசதி எத்தனை பேருக்கு?" என்றோம். அவன் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது கணக்குல வராது மாமா. ஆட்டத்தோட குறிக்கோளே அதுதான்" என்றான். குறிக்கோள் எனப் பெயர் சூட்டிவிட்டால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை போலும்.

வெற்றி அறிவிப்பின் கீழே ஒரு சிறு பொத்தான் இருந்தது. இன்னும் ஒரு முறை ஆடலாம் என்பது அதன் பொருள். அதனை அழுத்தினால் மதிப்பெண்ணும் வெற்றியும் தோல்வியும் இல்லாமல் ஆட்டம் தொடர்ந்து நடக்கும். அவன் கணிப்பொறியை மூடப் போனான். "அதை அழுத்து" என்றோம். "இனிமே எதுக்கு மாமா?" என்றான். அழுத்தினான். ஒன்பதாவது குடியேற்றக் கூட்டத்துக்கு 320 அலகு கேட்டது. கருவூலத்தில் செலவிட வழியின்றிக் கிடந்த பொன்னைக் கொட்டி விலைக்கே வாங்கினோம். தெற்கே வளைகுடாவில், ஆறு கடலில் கலக்குமிடத்தில் ஊர் எழுந்தது. பெயர் என்ன வைப்பது என்று கேட்டான். பட்டியலில் அடுத்து நின்ற பெயரையே விட்டுவிடச் சொன்னோம். மற்ற ஊர்களுக்கு ஒரு வாணிகப் பாதை போட்டுக் கொடுத்தான். அவ்வழியாக உணவும் பொருளும் வரத் தொடங்கின.

20 முறை ஆடினோம். மீன்பிடி படகுகள் இறங்கின. களஞ்சியம் கட்டி முடிந்தது. மக்கள் தொகை 3. துறைமுகத்துக்கு இன்னும் 40க்கு மேற்பட்ட முறைகள் வேண்டும் என்று திரை கூறிற்று. சுபுஹுக்கு இன்னும் நேரமிருந்தது. "ஆடலாமா மாமா?" என்றான் அவன்.